மதிய இடைவேளையில் பத்துத் தொகுதி: வாஷிங்டன் மாநிலத் தேர்தல் முடிவைச் சிங்கப்பூரிலிருந்து பார்ப்பது எப்படி

புதன்கிழமை, நண்பகல் 12 மணி. முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நவம்பர் தேர்தல் செவ்வாய்க்கிழமை நடக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் இரவு 8 மணிக்கு ஓட்டுப்பெட்டிகளை மூடுவார்கள். அந்தச் சமயத்தில் அவர்களைவிட நாம் 16 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே அங்கே பெட்டி மூடும்போது இங்கே தஞ்சோங் பகாரில் மின்தூக்கிக்கு வரிசை நிற்கும் நேரம். விடிய விடிய விழித்திருக்கத் தேவையில்லை. சாப்பாட்டை வாங்கிக்கொண்டு உட்காரும்போது முதல் எண்கள் வந்திருக்கும். 2026ல் தேர்தல் நவம்பர் 3, நமக்கு நவம்பர் 4.

என் தங்கை குடும்பம் சியாட்டலுக்குக் கிழக்கே சம்மாமிஷில் இருக்கிறது. மச்சானுக்கு மென்பொருள் வேலை, இருவரும் அங்கே குடிமக்கள் ஆகிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தல் வரும்போதெல்லாம் ஈசூனில் இருக்கும் அம்மா என்னைத்தான் கேட்பார்: "யாருடா ஜெயிச்சா?" நான் கணக்குப்பிரிவில் வேலை பார்ப்பவன். பாதி எண்ணிய ஓட்டை வைத்துப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது. எப்படிப் பார்த்தால் தெளிவாகச் சொல்ல முடியும் என்று எனக்கென ஒரு முறை வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சொல்வது பசிபிக் கரையோரத்து வாஷிங்டன் மாநிலம். வெள்ளை மாளிகை இருக்கும் வாஷிங்டன் நாட்டின் மறுகோடியில் இருக்கிறது. அதே போல இந்த மாநிலத்தில் ஒரு வான்கூவர் உண்டு. அது கனடாவில் இருக்கும் வான்கூவர் இல்லை. அந்த ஊர் பின்னால் நமக்கு முக்கியமாக வரும்.

அந்தச் சபையில் இந்த மாநிலத்துக்குப் பத்து இடங்கள். தொகுதிக்குச் சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர். நம் குழுத்தொகுதிகளைப் போல அணியாக நிற்கும் வழக்கம் அங்கே கிடையாது, எல்லாமே தனித்தொகுதிதான். 2024ல் டெமாக்ரட்டுகள் (ஜனநாயகக் கட்சி) எட்டு, ரிபப்ளிக்கன்கள் (குடியரசுக் கட்சி) இரண்டு.

பத்தையும் பார்க்காதீர்கள். புதிதாகப் பார்க்க வருபவர்கள் பத்துப் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு குழம்புவார்கள். சியாட்டலின் 7வது தொகுதியில் பிரமிளா ஜெயபால் 2016 முதல் ஜெயித்து வருகிறார். சென்னையில் பிறந்து, இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்து, 16 வயதில் அமெரிக்கா போனவர். நம் ஆட்களுக்கு அவர் மேல் ஒரு ஒட்டுதல் இருக்கும், தப்பில்லை. ஆனால் அங்கே நவம்பரில் பார்க்க ஒன்றும் இருக்காது. மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டைச் சேர்ந்த 1வது தொகுதியும் அப்படித்தான். கிழக்கே ஸ்போக்கேனின் 5வது ரிபப்ளிக்கன்களின் கோட்டை. யக்கிமாவின் 4வதும் அவர்கள் பக்கம்தான். அங்கே 2024ல் போட்டியிட்ட இருவருமே ரிபப்ளிக்கன்கள். அதே வருடம் 9வதில் நின்ற இருவரும் டெமாக்ரட்டுகள். இது எப்படி என்று கீழே சொல்கிறேன். மிச்சத்தில் உங்கள் கண் இருக்க வேண்டிய இடம் 3வது. வான்கூவர் ஊரும் அதைச் சுற்றிய தென்மேற்கு மூலையும் அதில் அடங்கும். நேரம் இருந்தால் 8வதையும் பாருங்கள். சம்மாமிஷ் அதில்தான் வருகிறது. 2018ல் கிம் ஷ்ரையர் என்ற குழந்தை மருத்துவர் ஜெயிக்கும்வரை அந்தத் தொகுதி டெமாக்ரட்டுகளிடம் போனதே இல்லை.

இப்போது எண்ணும் முறைக்கு வருவோம். எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாஷிங்டனில் ஓட்டுச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வருகிறது. தேர்தலுக்கு 18 நாள் முன்பே அனுப்பிவிடுகிறார்கள். கூடவே வேட்பாளர்களைப் பற்றிய கையேடு ஒன்றும் வரும். தங்கை அதை ஒரு வாரம் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருப்பாள். மச்சான் நீதிபதி வேட்பாளர்கள் வரை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். சீட்டை உறையில் போட்டு, உறையின் மேல் கையெழுத்திட்டு, தபாலில் அனுப்பலாம், தபால்தலை வேண்டாம். இல்லையென்றால் தெருவோர ஓட்டுப்பெட்டியில் போடலாம். பெட்டி தேர்தல் நாள் இரவு 8 மணிக்கு மூடும். தபாலுக்கு அன்றைய தேதிக்குள் முத்திரை விழுந்திருந்தால் போதும், இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். 2024 தேர்தல் வரை இதுதான் நடைமுறை. ஒவ்வோர் உறையின் கையெழுத்தையும் பதிவில் இருப்பதோடு ஒப்பிட்ட பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். கையெழுத்து ஒத்துவராவிட்டால் வாக்காளருக்குத் தகவல் போகும், அவர் வந்து சரிசெய்யலாம்.

இதனால் என்ன ஆகிறது? முதல் நாள் இரவு, அதாவது நமக்கு மதியம், வெளியாகும் எண்ணில் முன்கூட்டியே வந்து சேர்ந்த ஓட்டுகள்தான் பெரும்பாலும் இருக்கும். கடைசி நாளில் பெட்டியில் குவிந்தவை உறைக்குள்ளேயே கிடக்கும். பல கவுண்ட்டிகள் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) அந்த இரவு ஒரே ஒரு முறைதான் எண்ணிக்கையை வெளியிடும். அப்புறம் மறுநாள்தான். ஆகவே 12.30க்கு ஒருமுறை பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பக்கத்தைப் புதுப்பித்தால் கைப்பேசியின் மின்கலம்தான் தீரும்.

இங்கே சிங்கப்பூரில் நம் தேர்தல் துறை "மாதிரி வாக்கு எண்ணிக்கை" (sample count) என்று ஒன்றை வெளியிடுகிறதே, அது வேறு. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் கலந்து எடுத்த 100 சீட்டுகளை எண்ணிச் சொல்வது அது. எல்லா நிலையங்களும் அதில் இருப்பதால், பொதுவாக இறுதி முடிவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வாஷிங்டனின் முதல் எண்ணில் அந்தக் கலப்பு இல்லை. முந்திக்கொண்டு ஓட்டுப் போடுபவர்களும் கடைசி நாள்வரை இழுப்பவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. "நம்ம ஊர்ல விடியறதுக்குள்ள சொல்லிடுவாங்களே, அமெரிக்காக்காரனுக்கு ஏன்டா இவ்வளவு நாள்?" என்று அம்மா கேட்டால் இதைத்தான் சொல்வேன். பாதி கேட்டுவிட்டுப் பேத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

தொலைக்காட்சி காட்டும் வண்ண வரைபடத்தை விட்டுவிடுங்கள். மாநிலத்தின் தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் முடிவுப் பக்கத்தைத் திறங்கள். அதில் தொகுதிவாரி ஓட்டும், ஒவ்வொரு கவுண்ட்டியிலும் எண்ண வேண்டிய ஓட்டு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பீடும் இருக்கும். இந்த இரண்டாவது எண்தான் தங்கம். அதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

முன்னிலையை மிச்ச ஓட்டால் வகுத்துச் சதவீதமாக்குங்கள். அதில் பாதியை எடுத்து 50ஓடு கூட்டுங்கள். பின்தங்கியவர் மிச்ச ஓட்டில் எத்தனை சதவீதம் வாங்கினால் எட்டிப் பிடிப்பார் என்பது அந்த எண். ஓர் உதாரணம், எண்கள் என் கற்பனை. முன்னிலை 8,000, மிச்சம் 80,000. வகுத்தால் 10 சதவீதம், பாதி 5, ஆக 55. பின்தங்கியவருக்கு இனி 55 சதவீதம் வேண்டும். மறுநாள் 20,000 ஓட்டு எண்ணுகிறார்கள், அவர் 53 சதவீதம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னிலை 6,800ஆகக் குறையும், உடனே அவர் ஆட்கள் கொண்டாடுவார்கள். ஆனால் மிச்சம் இப்போது 60,000தான். கணக்கைத் திரும்பப் போட்டால் தேவை 55.7 ஆகிவிட்டது. இடைவெளி குறைந்தும் அவர் நிலை மோசமாகியிருக்கிறது. அதே 20,000ல் அவர் 57 வாங்கியிருந்தால் முன்னிலை 5,200, தேவை 54.3. அப்போதுதான் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு நாளும் இந்த ஓர் எண்ணை மட்டும் எழுதி வாருங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா, அவ்வளவுதான் விஷயம்.

3வது தொகுதியில் இந்தக் கணக்கு நன்றாகவே நிற்கும். ஏனென்றால் கிளார்க், கவுலிட்ஸ், லூயிஸ் போன்ற கவுண்ட்டிகள் முழுசாக அதற்குள் அடங்குகின்றன. 8வதில் நிற்காது. அது கிங் கவுண்ட்டியின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கேஸ்கேட் மலையைத் தாண்டி ஆப்பிள் தோட்டங்கள் இருக்கும் வெனாச்சி வரை போகிறது. கிங் கவுண்ட்டி பல தொகுதிகளுக்குப் பிரிந்து கிடப்பதால், அங்கே மிச்சமுள்ள ஓட்டில் 8வதுக்கு எவ்வளவு என்பது ஊகம்தான். அதற்குத் தசமப்புள்ளி போட்டு உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த கேள்வி, தாமதமாக எண்ணும் ஓட்டு யார் பக்கம் சாயும்? இதற்கு ஊருக்கு ஊர் பதில் வேறு. சியாட்டலில் கடைசி நேர ஓட்டு இடதுசாரிகள் பக்கம் சாயும். 2025 மேயர் தேர்தலில் முதல் இரவில் புரூஸ் ஹாரல் தெளிவாக முன்னணியில் இருந்தார். நாளுக்கு நாள், அவரைவிட இடதுசாரியான கேட்டி வில்சன் நெருங்கி, கடைசியில் ஜெயித்தார். தென்மேற்கு மூலையில் 2022ல் நடந்தது தலைகீழ். அந்த ஆகஸ்டில் 3வது தொகுதியின் முதற்சுற்றில் (முதல் இரண்டு இடம் பெறுபவர்கள்தான் நவம்பருக்குப் போவார்கள்), பதவியில் இருந்த ரிபப்ளிக்கன் ஜேமி ஹெரேரா பட்லர் முதல் இரவில் இரண்டாம் இடத்தில் வசதியாக இருந்தார். டிரம்ப்பைப் பதவிநீக்கக் குற்றஞ்சாட்டும் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டளித்த பத்து ரிபப்ளிக்கன்களில் அவர் ஒருவர். தாமதமாக எண்ணிய ஓட்டில் டிரம்ப் ஆதரவு பெற்ற ஜோ கெண்ட் ஏறிக்கொண்டே வந்தார். ஒரு வாரத்தில் பட்லர் தோல்வியை ஒப்புக்கொண்டார். முடிவில் வித்தியாசம் ஆயிரம் சொச்சம். தபால் ஓட்டில் நம்பிக்கை இல்லாதவர்கள் கடைசி நாள்வரை சீட்டைக் கையிலேயே வைத்திருப்பதுதான் இந்தச் சாய்வுக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

அந்த முதற்சுற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆகஸ்டில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். பெயருக்குக் கீழே, இன்ன கட்சியை விரும்புகிறார் என்று வேட்பாளர் தானே சொன்னது அச்சாகியிருக்கும். கட்சி நிறுத்திய ஆள் என்று அதற்கு அர்த்தமில்லை. முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் நவம்பருக்குப் போவார்கள், ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. 4வதும் 9வதும் 2024ல் அப்படி ஆனது இதனால்தான். ஜெயபாலும் 2016ல் தன் கட்சிக்காரரையே தோற்கடித்துத்தான் உள்ளே போனார்.

ஆகஸ்ட் ஓட்டைக் கட்சிவாரியாகக் கூட்டிப் பார்ப்பது உள்ளூர்க்காரர்கள் பழக்கம். நவம்பர் முடிவு பெரும்பாலும் அதன் அருகில் வரும். பெரும்பாலும்தான். 2022ல் 3வது தொகுதியில் ரிபப்ளிக்கன்கள் எல்லாரும் சேர்ந்து பாதிக்கு மேல் வாங்கியிருந்தார்கள், கணிப்புகளும் கெண்டுக்கே சாதகம். நவம்பரில் மேரி க்ளூசன்காம்ப் பெரெஸ் என்ற டெமாக்ரட் முன்னணிக்கு வந்தார். கணவரோடு சேர்ந்து கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவர். கெண்ட் இந்த முறையும் தாமத ஓட்டில் ஏறினார், ஆனால் மிச்சம் போதவில்லை. செய்தி நிறுவனங்கள் பெரெஸின் வெற்றியை அறிவிக்கச் சனிக்கிழமை ஆனது. வித்தியாசம் மூவாயிரத்துக்கும் குறைவு. பட்லருக்குப் போட்டவர்களில் ஒரு பகுதி கெண்டுக்குப் போடவில்லை. ஆகஸ்ட் கூட்டல் இதைக் காட்டாது. 2024லும் அதே இருவர் மோதினார்கள், அதே முடிவு.

வியாழன் முதல் உங்கள் வேலை காலையில்தான். கிங் கவுண்ட்டி பெரும்பாலும் அங்கே மாலை 4 மணி வாக்கில் புதிய எண்ணை வெளியிடும். நமக்கு மறுநாள் காலை 8, எம்ஆர்டியில் நிற்கும் நேரம். 2026ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. 3வதில் நெருக்கடி என்றால் முறுக்குச் சுடும்போதும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். உறவினர்களுக்கு அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

கவுண்ட்டிகள் தேர்தலிலிருந்து 21ஆம் நாள் சான்றளிக்கும், 2026ல் அது நவம்பர் 24. வித்தியாசம் 2,000 ஓட்டுக்கும் குறைவாகவும், அதோடு அரை சதவீதத்துக்கும் குறைவாகவும் இருந்தால் மறு எண்ணிக்கை தானாக நடக்கும், யாரும் கேட்க வேண்டியதில்லை. புதிய சபையின் பதவிக்காலம் ஜனவரி 3 அன்று தொடங்கும்.

வேலை மாற்றலாகி இங்கே இருக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் ஓட்டு அமெரிக்காவில் கடைசியாகக் குடியிருந்த முகவரியின் தொகுதிக்குப் போகும். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

ஆகஸ்ட் முதற்சுற்றையும் பார்க்க நினைத்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அது 2026ல் ஆகஸ்ட் 4. கோடைக்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்திருப்பதால் வித்தியாசம் 15 மணி நேரம்தான். முதல் எண்கள் நமக்குப் புதன் காலை 11 மணியைத் தாண்டியதுமே வந்துவிடும். அந்த நேரத்தில் அலுவலகக் கூட்டம் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.