ஏ.டி.வி.க்குச் சேற்று டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஏ.டி.வி.க்கு (கரடுமுரடான பாதைகளில் ஓடும் நான்கு சில்லு வண்டிக்கு) சேற்று டயர் தேடுபவர்களில் பலர் முதலில் பார்ப்பது பல்லின் உயரத்தை. பல் நீளமாக இருந்தால் எந்தச் சேற்றிலும் போகலாம் என்று நம்பிக் காசைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு வண்டி இழுக்கவில்லை, பெல்ட் கருகுகிறது, ஸ்டியரிங் கனக்கிறது என்று கராஜுக்கு வருகிறார்கள். டயரில் பிழை இருப்பதில்லை. எந்தச் சேறு, எந்த வண்டி என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் வாங்கியதுதான் பிழை.

சேற்றின் அடியைப் பார்க்காதது

சேறு எல்லாம் ஒன்றல்ல. ஹங்வெல்ல, அவிசாவளை, இங்கிரிய பக்கத்து இறப்பர் தோட்டப் பாதைகளில் கிடைப்பது பெரும்பாலும் கபுக் (செம்புரைக் கல்) கலந்த சிவப்புக் களி. மழைக்கு மேற்பரப்பு வழுக்கும், ஆனால் சில அங்குலம் கீழே தரை இறுகியிருக்கும். இந்த இடத்தில் அகலம் குறைந்த டயர்தான் நல்லது. அது மேலே உள்ள களியை வெட்டிக்கொண்டு இறங்கி, கீழே உள்ள உறுதியான தரையைப் பிடிக்கும். அகலமான டயர் களியின் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். உழுத வயலிலும் சேற்றுக்குக் கீழே ஓர் இறுகிய படை உண்டு என்பதால் அங்கும் இதே கணக்குத்தான். அடியே தெரியாத சுரியில் கணக்கு மாறும். அங்கே இறங்கினால் மேலே வர முடியாது, ஆகவே பாரத்தைப் பரப்பித் தாங்கும் அகலமான டயர் வேண்டும். (முத்துராஜவெல, பெல்லன்வில-அத்திடிய போன்ற ஈரநிலங்கள் சரணாலயங்கள். எந்த டயர் போட்டாலும் அங்கே வண்டி இறக்கக் கூடாது. வயலில் ஓட்டுவதானால் உரிமையாளரிடம் கேட்டு, அறுவடை முடிந்த பிறகு, வரம்பை உடைக்காமல் ஓட்டுங்கள்.)

களிக்குப் பல்லின் உயரத்தைவிட பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வெளிதான் முக்கியம். ஒட்டும் களி அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் பல் இருந்தும் இல்லாததுபோலத்தான், டயர் வழவழப்பான உருளையாகிவிடும். இடைவெளி தாராளமாக இருந்தால் சில்லு சுற்றும்போது களி தானாகவே வீசி எறியப்படும். 50 மி.மீ. பல் நெருக்கமாக உள்ள டயரைவிட, 28 மி.மீ. பல் விலகி விலகி உள்ள டயர் நம் தோட்டப் பாதைகளில் நன்றாகப் போகும். பல் பக்கச் சுவர்வரை இறங்கி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில்லுத் தடத்துக்குள் விழுந்த வண்டி வெளியே ஏறுவது அந்தப் பக்கப் பல்லால்தான்.

50 மி.மீ. பல்லுக்கு வேறு குறைகளும் உண்டு. கெட்டித் தரையில் ஸ்டியரிங் அதிரும், பல் வேகமாகத் தேயும். கிறவல் பாதையில் 10 கிலோமீற்றர் ஓடி அரைக் கிலோமீற்றர் சேற்றில் இறங்குபவருக்கு அது வீண். ஆழமான சுரியிலோ அது தோண்டும் இயந்திரமாகிவிடும். ஒரு நிமிடம் வேகமாகச் சுழற்றினால் வண்டியின் வயிறு தரையில் குந்திவிடும்.

வண்டி தாங்காத அளவைப் போடுவது

டயரில் 26×9-12 என்று இருந்தால் மொத்த உயரம் 26 அங்குலம், அகலம் 9 அங்குலம், றிம் 12 அங்குலம். 25 இலிருந்து 27 அங்குலத்துக்கு மாறினால் வண்டி 2 அங்குலம் உயரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அச்சிலிருந்து தரைக்குள்ள தூரம் உயரத்தின் பாதி, ஆகவே கிடைப்பது 1 அங்குலம் மட்டும்.

அந்த ஓர் அங்குலத்துக்கு வண்டி விலை கொடுக்கிறது. டயர் 8 வீதம் பெரிதானால் கியரும் 8 வீதம் நீண்டது போலாகும். எஞ்சினுக்கு இழுவை குறையும், ஸ்பீடோமீற்றர் 40 காட்டும்போது உண்மையில் சுமார் 43 இல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். அதோடு பெரிய சேற்று டயர் ஒன்று பழைய டயரைவிட 5 முதல் 7 கிலோ வரை கனமாக இருக்கலாம். அந்தக் கனம் சுழலும் கனம் என்பதால் சி.வி. ஜொயின்ட் (சில்லு திரும்பினாலும் அதற்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு), அச்சுத்தண்டு, பெயாரிங், டை ரொட் (சில்லைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டு) எல்லாவற்றையும் அடிக்கும். எஞ்சினின் இழுவையை கியர்ப் பெட்டிக்கு பெல்ட் மூலம் கடத்தும் வண்டிகளில் முதலில் போவது பெல்ட்தான். வழுக்கும், சூடாகும், இறப்பர் கருகும் வாடை வரும். சேற்றுக்குள் இறங்குமுன் லோ கியருக்கு மாற்றுவது பெல்ட்டைக் காப்பாற்றும்.

400 சி.சி.க்குக் குறைந்த வண்டிகளில் கம்பனி கொடுத்த அளவையோ அதற்கு மேல் 1 அங்குலத்தையோ தாண்டாதீர்கள். 500 சி.சி.க்கு மேல் 2 அங்குலம் வரை போகலாம். அதையும் தாண்டினால் கிளட்ச் ஸ்பிரிங்கும் வெயிட்டும் மாற்ற வேண்டும். வாங்குமுன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஸஸ்பென்ஷனை அமுக்கி, மட்கார்டுக்கும் கால்பலகைக்கும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போடுவோம் என்பது சுலபமான பேச்சு. அது சி.வி. ஜொயின்ட்டின் கோணத்தைக் கூட்டி ஆயுளைக் குறைக்கும்.

முன்னும் பின்னும் பொருந்தாதது

காசை மிச்சம் பிடிக்கப் பின் இரண்டை மட்டும் மாற்றுவது நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் ஆபத்தானது. முன் சில்லும் பின் சில்லும் ஒரு சுற்றுக்குப் போகும் தூரத்துக்கிடையே கம்பனி வைத்த விகிதம் ஒன்று உண்டு. அது குழம்பினால் கியர்ப் பெட்டியும் டிஃபரென்ஷியலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அச்சிட்ட அளவை நம்ப வேண்டாம், ஒரே அளவு எழுதிய இரண்டு டயர்கள் உண்மையில் அரை அங்குலம் வேறுபடலாம். சம காற்று நிரப்பி, டயரிலும் தரையிலும் சோக்கால் கோடு போட்டு, வண்டியில் ஆள் இருக்க ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் தூரத்தை அளந்து பாருங்கள். பழைய டயர்களைக் கழற்றுமுன் அவற்றையும் இப்படி அளந்து எழுதிவைத்தால் ஒப்பிடலாம்.

றிம்மோடு சேர்த்து வாங்குபவர்கள் நட் துளை இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். ஹொண்டா, யமஹா வண்டிகள் பலவற்றில் 4/110 (4 துளைகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 110 மி.மீ.), கேன்-ஆமில் 4/137, பொலாரிஸில் 4/156. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாறிப் போட முடியாது.

காற்றும் பொருத்துதலும்

அதிகம் நடக்கும் தவறு காற்றின் அளவில்தான். ஏ.டி.வி. டயருக்குப் பொதுவாக 5 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும். சரியான எண் வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பெற்றோல் நிலையத்துக் கேஜ் காருக்கானது, 5 இற்கும் 8 இற்கும் வித்தியாசத்தை அதில் ஒழுங்காகப் பார்க்க முடியாது. 0–15 பி.எஸ்.ஐ. காட்டும் தனிக் கேஜ் வாங்கி, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்று கூடினால் பல் சேற்றை அணைத்துப் பிடிக்காமல் துள்ளும். பிடி கூட வேண்டும் என்று 3 இற்குக் கீழே இறக்கினால் வளைவில் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

டயரை றிம்மில் உட்கார வைக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் தடவி, பக்கச் சுவரில் எழுதியுள்ள உச்ச அழுத்தத்துக்குள் மட்டும் நிரப்ப வேண்டும். உட்காரவில்லை என்று மேலே மேலே அடிப்பதும், ஸ்பிரே அடித்து நெருப்பு வைப்பதும் ஆளைக் கொல்லும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியையும் பாருங்கள். தலைகீழாகப் போட்டால் பல் களியை வெளியே தள்ளாமல் உள்ளே வாரும்.

இறப்பர் தோட்டங்களில் வெட்டிய அடிக்கட்டைகளும் கூர் வேர்களும் இருப்பதால் 6 பிளைக்குக் (டயரின் உள் அடுக்குகளின் வலிமையைக் காட்டும் எண்) குறைந்த டயர் வேண்டாம். பாவித்த டயர் வாங்குவதானால் பக்கச் சுவரை வளைத்து வெடிப்புப் பாருங்கள், திகதிக் குறி இருந்தால் வாசியுங்கள்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பல் புதிதுபோல இருந்தாலும் இறப்பர் இறுகியிருந்தால் ஈரக் களியில் பிடிக்காது. நகம் பதியாத டயரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புது டயர் போட்டு முதல் 15, 20 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் டோர்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ரெஞ்ச்) மறுபடி இறுக்க வேண்டும்.