மாவட்டப் போட்டிக்குப் 12 வாரங்கள்: ஒவ்வொரு வீரருக்கும் தனிப் பயிற்சித் திட்டம் எழுதும் முறை

நூறு மீட்டர் ஓடுபவர், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுபவர், குண்டு எறிபவர், கபடி ஆடுபவர் என அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்லும் வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் இன்னும் மறையவில்லை. உடல் எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ, அந்த வேலைக்கே தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஆகவே, பத்துச் சுற்று ஓடும் நூறு மீட்டர் வீராங்கனை மெதுவாக நீண்ட நேரம் ஓடத்தான் கற்றுக்கொள்கிறார். புதிதாகப் பயிற்சி அளிக்கத் தொடங்கும் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டே தனித்தனித் திட்டம் எழுதிவிட முடியும் என்பதால், அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

போட்டித் தேதியைப் பக்கத்தின் கடைசி வரியில் எழுதி, அதற்கு மேலே 12 வாரங்களுக்குக் கோடு போடுங்கள். முதல் 5 வாரங்கள் அடித்தளத்துக்கு, அடுத்த 4 வாரங்கள் அந்தந்தப் போட்டிக்கே உரிய பயிற்சிக்கு, அதன்பின் 2 வாரங்கள் போட்டி வேகத்துக்கு, கடைசி வாரம் சுமையைக் குறைப்பதற்கு. காலத்தை இப்படிக் கட்டங்களாகப் பிரிக்கும் முறையை 1960களில் சோவியத் நாட்டின் விளையாட்டுப் பயிற்சி அறிஞர் மத்வேயெவ் விரிவாக வகுத்து எழுதினார். காலாண்டுத் தேர்வு, ஊர்த் திருவிழா ஆகியவை வரும் வாரங்களையும் இப்போதே குறித்துவிடுங்கள். அவை எப்படியும் பயிற்சி குறையும் வாரங்கள் என்பதால், இலகு வாரங்களை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: போட்டி என்ன கேட்கிறது என்று பாருங்கள்

நூறு மீட்டர் ஓட்டம் உச்ச வேகத்தைக் கேட்கிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டமோ பெரும்பாலும் மூச்சின் வழியாகக் கிடைக்கும் ஆற்றலில் நடப்பது. கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிகளே உண்டு. அந்த நேரத்துக்குள் திசைமாற்றம், பாய்ச்சல், பிடியை உதறி நடுக்கோட்டை எட்டும் வலு ஆகிய மூன்றும் வேண்டும். ஆகவே, கபடி வீரருக்கு நீண்ட மெதுவோட்டத்தைவிட, 20 முதல் 30 விநாடி வரையிலான கடும் முயற்சியும் அதற்குப் பின் ஓய்வும் மாறிமாறி வரும் பயிற்சியே பொருத்தமானது.

படி 3: வீரரை அறியுங்கள்

வயது, எத்தனை ஆண்டுகளாகப் பயிற்சி செய்கிறார், எத்தனை மணி நேரம் உறங்குகிறார், பள்ளிக்கு எவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிறார் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண் குழந்தைகள் 12 வயதை ஒட்டியும் ஆண் குழந்தைகள் 14 வயதை ஒட்டியும் பொதுவாக மிக வேகமாக உயரம் கூடுகிறார்கள். அந்தக் காலத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி என்று ஒரு மாணவர் சொன்னால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காமல், குதிக்கும் பயிற்சிகளைக் குறைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். ஓய்வெடுத்தும் களைப்பு நீங்காத மாணவிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிப்பது அவசியம். வளரிளம் பெண்களிடையே இரத்தசோகை நம் நாட்டில் மிகப் பரவலாக இருக்கிறது. அதை எந்தப் பயிற்சித் திட்டத்தாலும் சரிசெய்ய முடியாது.

படி 4: ஒரு வாரத்தை எழுதுங்கள்

கடினமான நாளுக்கு அடுத்த நாள் இலகுவாக இருக்க வேண்டும் என்பதே வாரத் திட்டத்தின் அடிப்படை. உச்ச வேகப் பயிற்சிகள் இரண்டுக்கு இடையே ஏறத்தாழ 48 மணி நேரம் விடுங்கள்.

நூறு மீட்டர் வீராங்கனையின் திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம். வார்ம்-அப் முடிந்தபின் 30 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் ஆறு முறை ஓடுகிறார். ஒவ்வொன்றுக்கும் இடையே 3 நிமிட ஓய்வு. ஓர் ஓட்டத்துக்கு 4.6 விநாடி என்றால், அன்று அவர் உண்மையில் ஓடியது அரை நிமிடத்துக்கும் குறைவு. பார்ப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியலாம், ஆனால் அந்த ஓய்வு இல்லாவிட்டால் நான்காவது ஓட்டத்திலேயே வேகம் விழுந்து, பயிற்சி வேறொன்றாகிவிடும். நேரம் 4.8 விநாடிக்குக் கூடினால், எண்ணிக்கை மீதம் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். புதன்கிழமை வலுப் பயிற்சி, வெள்ளிக்கிழமை 60 மீட்டர் ஓட்டங்கள், மற்ற நாட்களில் இலகு அசைவுகள், ஞாயிறு முழு ஓய்வு.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை 4 நிமிடம் 30 விநாடியில் ஓடும் மாணவனின் வாரம் முற்றிலும் வேறு. அவருடைய போட்டி வேகம் ஒரு 400 மீட்டர் சுற்றுக்கு 72 விநாடி. அடித்தளக் காலத்தில் செவ்வாய்க்கிழமை 76 விநாடி வேகத்தில் ஆறு சுற்றுகள், இடையே 90 விநாடி ஓய்வு, வெள்ளிக்கிழமை சற்றே சிரமமான 20 நிமிடத் தொடர் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஒரு மணி நேரம், திங்கட்கிழமை ஓய்வு, எஞ்சிய நாட்களில் மெதுவோட்டம். வெயில் காலத்தில் இவற்றைக் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

படி 5: சுமையைக் கூட்டுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்

சுற்றுகளின் எண்ணிக்கை, வேகம், ஓய்வு ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று வாரம் கூட்டிய பின் நான்காவது வாரத்தில் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த இலகு வாரத்தைத்தான். உடல் வலுப்பெறுவது பயிற்சியின்போது அல்ல, அதைத் தொடர்ந்து வரும் ஓய்வில்.

படி 6: சுமையை எண்ணால் அளவிடுங்கள்

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குப் பின், 'இன்று எவ்வளவு கடினமாக இருந்தது? பத்துக்கு எத்தனை?' என்று வீரரிடம் கேளுங்கள். அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். இரண்டு மாணவர்கள் சேர்ந்து 60 நிமிடம் ஓடியபின் ஒருவர் 3 என்றும் மற்றவர் 6 என்றும் சொன்னால், முதலாமவரின் சுமை 180, இரண்டாமவரின் சுமை 360. ஒரே பயிற்சி இருவருக்கு ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எளிய வழியை நான் அறியேன். வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறினாலும், வழக்கமான பயிற்சிக்கே 8, 9 என்று எண்கள் வந்தாலும், அடுத்த நாள் பயிற்சியைக் குறைத்துவிடுங்கள்.

படி 7: கடைசி வாரம்

அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வீரர் 72 விநாடி வேகத்தில் மூன்று சுற்றுகள் ஓடினால் போதும். நூறு மீட்டர் வீராங்கனைக்கு ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து நான்கைந்து புறப்பாடுகள் போதும். புதிய ஸ்பைக் காலணி வாங்கியிருந்தால், அதை இந்த வாரத்தில் முதன்முதலாக அணியவிடாமல், பழகிய காலணியையே பையில் வைக்கச் சொல்லுங்கள்.