ஆடு எங்கே, இரும்பு எங்கே? ஆஸ்திரேலியாவை ஒரே தாளில் வரைந்து படிக்கும் முறை

ஆஸ்திரேலியாவின் புவியியலைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால், தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். கையால் வரைந்தால் மனதில் நிற்கும். வரையும்போது தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மலை, மழை, ஆறு மூன்றும் தாளில் வந்துவிட்டால், செம்மறி ஆடு எங்கே மேயும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம். கனிமங்கள் மட்டும்தான் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.

தேவையானவை: ஏ4 தாள், அளவுகோல், பென்சில், அழிப்பான். கூடவே பழுப்பு, நீலம், பச்சை, சிவப்பு வண்ணப் பென்சில்கள்.

படி 1: சட்டமும் கரையும்

தாளைக் கிடைமட்டமாக வைத்து 20 செ.மீ. அகலம், 18.5 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். 1 செ.மீ. என்பது 200 கி.மீ. அதாவது கிழக்கு மேற்காகச் சுமார் 4,000 கி.மீ., வடக்கு தெற்காக டாஸ்மேனியாவையும் சேர்த்துச் சுமார் 3,700 கி.மீ.

மேல் கோட்டில் இடமிருந்து 14.5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அது யார்க் முனை. அதன் இடப்பக்கம் 3 செ.மீ. அகலத்தில், சுமார் 4 செ.மீ. ஆழத்துக்கு உள்வாங்கும் கடல்தான் கார்பென்டேரியா வளைகுடா. இடக்கோட்டில் 8.5 செ.மீ. இறங்கினால் மேற்கு முனை. வலக்கோட்டில் 10 செ.மீ. இறங்கினால் கிழக்கு முனையான பைரன் முனை. தெற்கே நடுவில், இடமிருந்து 9 செ.மீ., மேலிருந்து 11.5 செ.மீ. என்ற இடத்தில் கடல் உள்ளே வளைகிறது. இது பெரிய ஆஸ்திரேலிய வளைகுடா. பெருநிலம் 16 செ.மீ.யில் முடிகிறது. அதற்குக் கீழே டாஸ்மேனியா. புள்ளிகளை இணைத்துவிடுங்கள். சின்னச் சின்ன வளைவுகளுக்காக மெனக்கெட வேண்டாம்.

படி 2: மகர ரேகை

மேலிருந்து 7 செ.மீ.யில் ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். நம் பழக்கத்துக்கு நேர்மாறாக, இங்கே வடக்கே போகப் போகத்தான் வெயில். கோட்டுக்கு மேலே வெப்பமண்டலம். அங்கு கோடையில், அதாவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை, பருவமழை கொட்டும். தெற்கு ஓரத்துக்குக் குளிர்கால மழை. நடுப்பகுதிக்கு இரண்டுமே சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

படி 3: மலையும் ஆறும்

கிழக்குக் கரையை ஒட்டி, வடமுனையிலிருந்து தெற்கு வரை பழுப்பில் ஒரு பட்டை. பெரும் பிரிப்பு மலைத்தொடர், சுமார் 3,500 கி.மீ. நீளம். பெயர் பெரிதாக இருந்தாலும் உயரம் குறைவுதான். அதன் உச்சியான காஸியஸ்கோ 2,228 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஆனாலும் பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்துக் கரையோரத்திலேயே இறக்கிவிட அது போதும். மேற்குச் சரிவு மழைமறைவுப் பகுதி.

காஸியஸ்கோவை ஒட்டிய மலைகளிலிருந்து நீலத்தில் மேற்காக ஒரு கோடு இழுங்கள். அது முர்ரே ஆறு, 2,508 கி.மீ. வடகிழக்கிலிருந்து டார்லிங் ஆறு வந்து அதில் சேரும். இரண்டும் சேர்ந்த வடிநிலம் நாட்டின் ஏழில் ஒரு பங்கு. கடைசியில் தெற்குக் கடலில், இடமிருந்து 13 செ.மீ., மேலிருந்து 14 செ.மீ. அருகே முடியுங்கள். நடுவே ஐர் ஏரியையும் நீலத்தில் வட்டமிடலாம். ஆனால் உள்ளே வண்ணம் அடிக்காதீர்கள். கடல்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருக்கும் அந்த உப்புப் படுகை, பெரும்பாலான ஆண்டுகள் வறண்டே கிடக்கும்.

படி 4: டிங்கோ வேலியும் ஆடுகளும்

கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. வடகிழக்கு மாநிலமான குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலிருந்து கிளம்பி, மேற்கே போய், தெற்கே திரும்பி, பெரிய ஆஸ்திரேலிய வளைகுடாவில் முடியும் ஒரு வேலி உண்டு. நீளம் 5,614 கி.மீ. டிங்கோ என்ற காட்டுநாய் ஆடுகளை அடிக்காமல் இருக்கக் கட்டியது. இதைக் கோடாக வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேலிக்கு வெளியே பெரும்பாலும் மாட்டுப்பண்ணை, உள்ளே ஆட்டுப்பண்ணை.

வேலிக்கு உள்ளே, மலையின் மேற்குச் சரிவிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியா வரை பச்சை அடியுங்கள். தென்மேற்கு மூலையில், பெர்த்துக்குப் பின்னால் உள்ள கோதுமை வயல்களிலும் கொஞ்சம் பச்சை. மெல்லிய கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆட்டுக்குக் காய்ந்த புல்வெளி ஒத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் குளம்பு அழுகும், ரோமமும் கெடும். அதனால்தான் கரையோரத்து ஈரப் பட்டையை வெள்ளையாக விடச் சொல்கிறேன்.

வரலாறும் இந்தத் தாளிலேயே தெரியும். மெரினோ ஆடுகள் ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப் பகுதியிலிருந்து 1797-இல் சிட்னிக்கு வந்தன. ஆனால் மலையைத் தாண்ட 1813 வரை வழி கிடைக்கவில்லை. தாண்டிய பிறகுதான் புல்வெளி திறந்தது, கம்பளித் தொழில் பெருகியது. அதற்கும் மேற்கே, மழை போதாத இடங்களில் கைகொடுத்தது பூமிக்கடியில் இருக்கும் பெரிய ஆர்ட்டீசியன் வடிநிலம். ஆழ்துளையிட்டால் தானே பீறிட்டு வரும் தண்ணீர். சூடாகவும் உப்பாகவும் இருப்பதால் பயிருக்குப் பெரும்பாலும் ஆகாது, ஆடுமாடுகள் குடிக்கும்.

இன்று அங்கே சுமார் 7 கோடி ஆடுகள். 1990-இல் 17 கோடி இருந்தன. கம்பளிக்குக் குறைந்தபட்ச விலை தரும் திட்டம் 1991-இல் சரிந்ததும், பலர் கோதுமைக்கும் இறைச்சி ஆட்டுக்கும் மாறிவிட்டார்கள். அப்படியும் உயர்ரக ஆடைகளுக்கான மெல்லிய கம்பளியில் ஆஸ்திரேலியாதான் முதலிடம்.

படி 5: சிவப்புப் புள்ளிகள்

கனிமங்களுக்குச் சிவப்பு. எல்லாவற்றையும் குறிக்க முயன்றால் தாள் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். இவை போதும்:

- பில்பரா (இடமிருந்து 3, மேலிருந்து 6 செ.மீ.): இரும்புத்தாது. இருப்பு குறைவு என்று பயந்து 1938-இல் ஏற்றுமதிக்கே தடை போட்டிருந்தார்கள், 1960-இல் தளர்த்தினார்கள். இன்று உலகச் சந்தைக்கே பெரிய மூலம் இதுதான்.
- கல்கூர்லி (4, 11): தங்கம், 1893. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர். பெர்த் பக்கத்து அணையிலிருந்து 500 கி.மீ.க்கும் மேல் குழாய் போட்டு 1903-இல் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.
- வெய்ப்பா, யார்க் முனையின் மேற்குக் கரை: அலுமினியத் தாதுவான பாக்சைட்.
- போவன் படுகை, மகர ரேகை கிழக்குக் கரையைத் தொடும் பகுதி: எஃகு ஆலைகளுக்கான நிலக்கரி.
- ஒலிம்பிக் டாம், ஐர் ஏரிக்குத் தெற்கே: தாமிரம், யுரேனியம்.
- பிரோக்கன் ஹில் (14, 12): வெள்ளி, ஈயம், துத்தநாகம்.

கடைசிப் புள்ளிதான் எனக்குப் பிடித்தது. 1883-இல் அதைக் கண்டுபிடித்த சார்லஸ் ராஸ்ப், ஓர் ஆட்டுப்பண்ணையின் எல்லையைச் சுற்றிவந்து காவல் பார்த்தவர். அது வெள்ளீயம் என்று நினைத்தார், கிடைத்தது வெள்ளி. இரண்டு ஆண்டுகளில் அங்கே தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய பெரும் சுரங்க நிறுவனமான பிஎச்பி.

படி 6: துறைமுகக் கோடுகள்

இப்போது ஒவ்வொரு சுரங்கத்திலிருந்தும் பக்கத்துத் துறைமுகத்துக்குப் பென்சிலில் ரயில்பாதை இழுங்கள். பில்பராவிலிருந்து நேர் வடக்கே போர்ட் ஹெட்லண்ட். பிரோக்கன் ஹில் இருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அதன் தலைநகர் சிட்னி. ஆனாலும் தாது போனது பக்கத்து மாநிலத்தின் போர்ட் பிரிக்கு. காரணம் அளவுகோலில் இருக்கிறது. போர்ட் பிரியை இடமிருந்து 12.5, மேலிருந்து 12.5 செ.மீ.யில் வைத்து அளந்து பாருங்கள். 2 செ.மீ.க்குள் வந்தால் உங்கள் வரைபடம் சரி. சிட்னிக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வரும்.