பேசாமலே மின்னிய நெஞ்சு விளக்கு

1965 முதல் 1968 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடரின் ரோபோவை முழு அளவில் செய்து முடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. ராபர்ட் கினோஷிட்டா வடிவமைத்த அந்த உருவத்துக்குள் பாப் மே நின்று நடிக்க, டிக் டஃபெல்ட் குரல் கொடுத்தார். பேச்சுக்கு ஏற்ப நெஞ்சு விளக்கு மின்னுவதுதான், என்னைக் கேட்டால், அதன் உயிர்.

என் ரோபோவிலோ, இடுப்பு மோட்டார் சுழலத் தொடங்கியதும், ஒரு சொல்கூடப் பேசாமலே விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஆம்ப்ளிஃபயர் போர்டை இரண்டு முறை மாற்றியது வெறும் தண்டச் செலவு. ஒருநாள், குரலை விளக்கு சர்க்யூட்டுக்குக் கொண்டுசெல்லும் வயரைக் கையால் பிடித்து மோட்டாரை விட்டு நான்கு விரற்கடை விலக்கியபோது, விளக்கு மின்னுவது சட்டென்று குறைந்தது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களில் தீப்பொறியால் எழுந்த மின் இரைச்சலை அந்த வயர் வாங்கிக் கடத்தியிருக்கிறது.

இரைச்சலைத் தடுக்க உலோக வலை சுற்றிய ஷீல்டு வயர் போட்டு, அதன் வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் இணைத்து, மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்து, மோட்டாருக்குத் தனி பேட்டரியும் வைத்தேன். இப்போது இடுப்பு திரும்பும்போது விளக்கு அணைந்தே இருக்கிறது. கியரின் கிறீச்சொலி மட்டும் இன்னும் ஓயவில்லை.