உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளைப் பின்தொடர ஒரு நடைமுறை

கிண்டியிலோ தரமணியிலோ உயிரியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த மாணவர், தம் துறையில் வெளியாகும் அனைத்தையும் படித்துவிட இயலாது என்பதை விரைவிலேயே உணர்ந்துவிடுவார். ஆகவே தேடும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, கைக்கு வந்த கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கே நேரத்தைச் செலவிட வேண்டும்.

தேடலுக்கு, உயிர்மருத்துவக் கட்டுரைகளின் இலவச இணையத் தரவுத்தளமான பப்மெட் பெரும்பாலும் போதும். அதில் 'மை என்சிபிஐ' என்ற இலவசக் கணக்கைத் தொடங்கித் தேடலைச் சேமித்துவைத்தால், புதிய கட்டுரைகளின் பட்டியல் வாரந்தோறும் மின்னஞ்சலில் வந்து சேரும். சொற்களைத் தேர்வதில்தான் பொறுமை வேண்டும். சேத்துப்பட்டின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் மருந்து எதிர்ப்பைப் பற்றி ஆராய்பவர் 'டியூபர்குலோசிஸ்' என்று மட்டும் இட்டால், லட்சக்கணக்கான கட்டுரைகள் வந்து குவியும். அதனுடன் ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் பெயரையும், அம்மருந்துக்கு எதிர்ப்பைத் தோற்றுவிக்கும் மாற்றங்கள் நிகழ்கிற ஆர்பிஓபி மரபணுவின் பெயரையும் 'ஆண்ட்' (AND) என்ற இணைப்புச் சொல்லைக் கொண்டு இணைத்து, தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடுமாறு வரையறுத்தால், பட்டியல் படிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கும். அப்போதும் மிகுதியாக வந்தால் ஒரு சொல்லைக் கூட்டலாம். வாரக்கணக்கில் ஒன்றும் வராவிட்டால் ஒன்றை நீக்கலாம்.

அடுத்து, ப்ரீபிரிண்ட் எனப்படும் முன்வெளியீடு. 2013-இல் தொடங்கிய பயோஆர்க்சிவ், 2019-இல் தொடங்கிய மெட்ஆர்க்சிவ் ஆகிய தளங்களில், சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகள் வெளியாகிவிடுகின்றன. அங்கே ஒன்றைத் திறந்தவுடன், அது பின்னர் எந்த ஆய்விதழில் வெளியானது என்ற இணைப்பு தலைப்புக்குக் கீழே உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வடிவத்தையே படியுங்கள். இல்லாவிட்டால், எத்தனையாவது பதிப்பு என்பதைக் குறித்துக்கொண்டு, மதிப்பாய்வாளர் செய்திருக்க வேண்டிய சோதனையை நீங்களே செய்யுங்கள். புரத வடிவம் பற்றிய கட்டுரையானால், 1963-இல் ஜி. என். இராமச்சந்திரனும் உடன் பணியாற்றியோரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தில் எத்தனை அமினோ அமிலங்கள் அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே விழுகின்றன என்று பார்ப்பது நல்ல தொடக்கம். உலகெங்கும் இன்றும் அதையே பார்க்கிறார்கள் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை இருந்தால் தவறில்லை. ஈலைஃப் இதழ் 2023 முதல், மதிப்பாய்வுக்குப் பின் ஏற்பு, மறுப்பு என்று முடிவு கூறாமல் மதிப்பாய்வுரைகளுடன் கட்டுரையை வெளியிடுகிறது. அங்கே முகப்பிலுள்ள மதிப்பீட்டுக் குறிப்பைப் படிக்காமல் மேற்கோள் காட்டுவது முறையாகாது.

வெளியான பின்னரும் ஒரு கட்டுரை திரும்பப் பெறப்படலாம். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 2023-இல் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இவ்வாறு திரும்பப் பெறப்பட்டவற்றைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை, கட்டுரைகளுக்கு டிஓஐ அடையாள எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதே ஆண்டில் வாங்கி, அனைவருக்கும் திறந்துவிட்டது. ஜோட்டெரோ மென்பொருளில் மேற்கோள்களைச் சேமிப்பவர்களுக்கு, அவற்றுள் ஏதேனும் திரும்பப் பெறப்பட்டிருந்தால் எச்சரிக்கை தானாகவே தோன்றும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் உங்கள் மேற்கோள் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டணம் செலுத்தினால்தான் படிக்க முடியும் என்ற கட்டணச் சுவரைப் பொறுத்தவரை, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்திருக்கிறது. உங்கள் நிறுவனம் அதில் உள்ளதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லாதவர்கள், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியைத் தேடித் தரும் அன்பேவால் நீட்சியை உலாவியில் நிறுவிக்கொள்ளலாம். அதுவும் கைகொடுக்காவிட்டால் கட்டுரையாசிரியருக்கே எழுதிக் கேட்கலாம்.

சொந்தக் கட்டுரையை அனுப்பும் நேரத்தில் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான பழைய யுஜிசி கேர் பட்டியலை நம்பியிருக்க வேண்டாம். அது 2025-இல் கைவிடப்பட்டது. ஆசிரியர் குழுவினர் உண்மையில் அந்தத் துறையில் பணியாற்றுபவர்களா, வெளியீட்டுக் கட்டணம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுள்ளதா, சில நாட்களிலேயே ஏற்பதாக உறுதியளிக்கிறார்களா என்பவற்றை நெறியாளருடன் அமர்ந்து பார்த்த பிறகே அனுப்புங்கள்.