குழந்தைக்கு ஓவியப் பொருள் பரிசா? காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

தில்லி மயூர் விஹாரில் எந்தக் குழந்தையின் பிறந்தநாளுக்குப் போனாலும், பரிசுக் குவியலில் ஒரு 'ஆர்ட் கிட்' கட்டாயம் இருக்கும். மூடியைத் திறந்தால் ஸ்கெட்ச் பேனா, கிரேயான், வில்லை வில்லையாக வாட்டர் கலர், நடுவில் பல்குத்தும் குச்சி பருமனில் ஒரு பிரஷ். என் மகளுக்கு வந்தவை எல்லாம் பரணில் தூங்குகின்றன. ஆனால் அவளுடைய அத்தை கொடுத்த கனமான காகித நோட்டு மட்டும் கடைசித் தாள் வரை தீர்ந்துபோனது. அதைப் பார்த்த பிறகு நான் பரிசு வாங்கும் முறை இது.

படி 1: அம்மாவிடம் கேளுங்கள்

குழந்தையின் வயது என்ன, வீட்டில் எது தீர்ந்துபோயிருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். மூன்று வயதுக்குள் என்றால் பாசிமணி, ஒட்டும் பொம்மைக் கண், சிறு காந்தம் எதுவும் வேண்டாம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணியை எந்த வயதுக் குழந்தைக்கும் நான் வாங்கமாட்டேன். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அது ஊறிப் பெருக்கும், குடலை அடைக்கும். பொம்மை வகையாக விற்கும் கைவினைப் பெட்டிகளில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 9873 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். 'நான்-டாக்ஸிக்' என்று பெட்டிமேல் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

படி 2: காகிதம்

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். குழந்தை மரம் வரைகிறது. இலைக்குப் பச்சை அடிக்கிறது, போதவில்லை என்று அதே இடத்தில் இன்னொரு தடவை அடிக்கிறது. மூன்றாம் தடவையில் காகிதம் திரிதிரியாக உருண்டு பிரஷ்ஷில் ஒட்டிக்கொள்கிறது. நான்காம் தடவையில் ஓட்டை. குழந்தையோ தனக்கு வரைய வரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. அது வர்ணத்தின் தவறும் இல்லை, பிள்ளையின் தவறும் இல்லை.

அட்டையில் 'ஜிஎஸ்எம்' என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பதே அது. ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று 5 கிராம். 300 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய 19 கிராம். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலே தெரியும்: முன்னது தொங்கிவிடும், பின்னது விறைப்பாக நிற்கும். பென்சிலுக்கும் கிரேயானுக்கும் 120 தாராளம். போஸ்டர் கலருக்கு 150 முதல் 200 வரை. தண்ணீர் நிறையச் சேரும் வாட்டர் கலருக்கு 300.

கனம் மட்டும் போதாது. கடைக்காரரிடம் ஒரு துண்டுத் தாள் கேட்டு, விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு சற்று நேரம் குமிழாக நின்றால் நல்லது. வைத்ததும் உறிஞ்சிக் கறுத்துப்போனால் வேண்டாம். பளபளப்பான 'ஐவரி ஷீட்'டைக் கடைக்காரர்கள் ஆசையாக எடுத்து நீட்டுவார்கள். வாழ்த்து அட்டை செய்ய அருமையான தாள். வாட்டர் கலர் அதில் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

எங்கே வாங்குவது? என் ஓட்டு பழைய தில்லியின் நயி சடக் கடைத்தெருவுக்கு. மெட்ரோவில் வந்து ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிலையம் சாவ்டி பஜார். அங்கே இறங்கி நடந்தாலே போதும். சாவ்டி பஜார் காகித மொத்த வியாபாரத்துக்குப் பெயர்போனது, ஆனால் சில கடைகளில் கட்டாகத்தான் தருவார்கள். சில்லறைக்கு நயி சடக்தான் சரி. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர் இறக்கியிருக்கும்.

படி 3: வர்ணம்

நாற்பத்தெட்டு நிறம் வேண்டாம், பன்னிரண்டு போதும். ஆறு வயதுவரை மெழுகு கிரேயானைவிட ஆயில் பேஸ்டல்தான் என் தேர்வு. லேசாக அழுத்தினாலே நிறம் பளிச்சென்று வரும். கையெல்லாம் அப்பிக்கொள்ளும், அதை அப்பா அம்மா பார்த்துக்கொள்ளட்டும். ஏழு வயதுக்கு மேல் கேமல் போஸ்டர் கலர். ஒன்றின் மேல் ஒன்று அடித்தாலும் அடியில் உள்ளதை மறைத்துவிடும் என்பதால் குழந்தை தன் படத்தைத் தானே திருத்திக்கொள்ளலாம். வெள்ளைதான் முதலில் தீரும், தனியாக ஒரு புட்டி கூடுதலாக வையுங்கள். அக்ரிலிக் பத்து வயதுக்குப் பிறகு போதும். காய்ந்துவிட்டால் பட்டுப்பாவாடையில் பட்டது பட்டதுதான், எந்த சோப்புக்கும் மசியாது.

படி 4: மற்றவை

பிரஷ்: செயற்கை இழையில் உருண்டை வகையில் 2, 6 என்ற எண் அளவுகள், தட்டையில் ஒன்று. நனைத்து உதறினால் முனை கூர்மையாகக் கூட வேண்டும். கத்தரிக்கோல் மொண்ணை முனையோடு, ஆனால் வெட்டும் அலகு உலோகமாக இருக்கட்டும். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருவது காகிதத்தை மடக்கத்தான் செய்யும். பசைக்கு ஃபெவிகால், சின்ன டப்பா. ஜிகினாத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். நவராத்திரிக்குத் தரையில் சிந்தியது பொங்கலுக்கும் கிடக்கும்.

எல்லாவற்றையும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, காகிதத்தை மேலே வைத்துக் கொடுங்கள். ஐந்நூறு ரூபாய்ச் செலவில் இருநூறு காகிதத்துக்குப் போகட்டும்.

பின்சேர்க்கை: இடதுகைக் குழந்தைக்கு இந்தக் கத்தரிக்கோல் சரிப்படவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். உண்மைதான். வலதுகைக் கத்தரிக்கோலை இடதுகையால் பிடித்தால் மேல் அலகு வெட்டும் கோட்டை மறைத்துவிடும், அழுத்தும்போது அலகுகளும் விலகும். இடதுகைக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள். பிடி இருபக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் அது இடதுகைக் கத்தரிக்கோல் ஆகிவிடாது. இடது அலகு மேலே வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: ஊருக்குக் கூரியரில் அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். மே மாதத்தில் ஆயில் பேஸ்டலை அனுப்பாதீர்கள், வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போஸ்டர் கலர் புட்டிகளும் வழியில் கசியலாம். கலர் பென்சிலும் ஷார்ப்னரும் அனுப்புங்கள். காகித நோட்டை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டினால் மூலை மடங்காது.