ஓநாய் மனிதனைத் திரையில் நம்பவைப்பது எப்படி

திகில் படத்துக்கு ஓநாய் மனிதனைத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர், பேய்க்கதை எடுப்பவருக்கு இல்லாத ஒரு சுமையை ஏற்றுக்கொள்கிறார். பேயை ஒரு நிழலாலும் கதவு கிரீச்சிடும் ஓசையாலும் உணர்த்திவிடலாம். இரத்தக் காட்டேரிக்கு வெளிறிய முகமும் இரண்டு கோரைப் பற்களும் போதும். ஓநாய் மனிதனுக்கோ தலை முதல் கால் வரை ஒரு புதிய உடல் வேண்டும். அந்த உடல், சற்று முன்பு வரை நாம் பார்த்துக்கொண்டிருந்த மனிதனின் உடலிலிருந்தே வந்தது என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏமாற்றம் தரும் படங்கள் பெரும்பாலும் முடியிலிருந்து வேலையைத் தொடங்குகின்றன. முகத்தில் முடியை ஒட்டி, பல்லைப் பொருத்தி, நகத்தை நீட்டினால் ஓநாய் வந்துவிடும் என்று அவை நம்புகின்றன. வேலை எலும்பிலிருந்து தொடங்க வேண்டும். சொந்தப் பணத்தில் குறும்படம் எடுப்பவருக்கும் பெருஞ்செலவில் படம் எடுப்பவருக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும்.

ஆகவே ஒப்பனைக் கலைஞரைச் சந்திக்கும் முன், ஓநாயின் எலும்புக்கூட்டுப் படத்தையும் மனித எலும்புக்கூட்டுப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓநாயின் பின்னங்காலில் முழங்கால் பின்புறமாக மடங்கியிருப்பதுபோல் தோன்றும் இடம் உண்மையில் முழங்கால் அன்று, அது குதிகால். நாம் பாதம் முழுவதையும் தரையில் ஊன்றி நடக்கிறோம். ஓநாய் விரல்களை மட்டுமே ஊன்றி நடக்கிறது, அதன் உண்மையான முழங்கால் வயிற்றுக்கு அருகே முடிக்குள் மறைந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், மனிதக் கால் ஓநாயின் காலாக மாற என்னென்ன நிகழ வேண்டும் என்பது தானே விளங்கும்: பாதத்தின் எலும்புகள் நீள வேண்டும், குதிகால் தரையை விட்டு மேலே எழ வேண்டும், தொடை உடலோடு ஒடுங்க வேண்டும். புரிந்துகொள்ளாதவர்கள் நடிகரின் காலில் இல்லாத மூட்டு ஒன்றை ஒட்டுகிறார்கள். பார்வையாளருக்கு அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது; ஆனால் தெருநாயை அன்றாடம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பொய் உடனே பிடிபட்டுவிடும். மார்பும் அப்படித்தான். மனித மார்பு அகன்றும் தட்டையாகவும் இருக்கும். ஓநாயின் மார்பு குறுகி ஆழமாக இறங்கும். உடற்பயிற்சியால் விரிந்த மார்பின்மேல் ஓநாய்த் தலையைப் பொருத்தினால், முகமூடி அணிந்த மல்லரைத்தான் பார்க்கிறோம் என்ற எண்ணம் கடைசி வரை நீங்காது. மனிதனுக்கு 32 பற்கள், ஓநாய்க்கு 42. அத்தனை பற்களையும் தாங்கும் அளவுக்குத் தாடை நீளும்போதுதான் முகம் ஓநாயின் முகமாகிறது.

அடுத்து எடுக்க வேண்டிய முடிவு, உங்கள் ஓநாய் மனிதன் எவ்வளவு ஓநாய் என்பது. 1941இல் வெளிவந்த 'தி வுல்ஃப் மேன்' படத்தில் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ், லான் சேனி ஜூனியரின் முகத்தில் யாக் என்னும் மலை எருதின் முடியை ஒட்டி உருவாக்கிய உருவம் சட்டையும் காற்சட்டையும் அணிந்து இரண்டு காலில் நடக்கிறது. இன்றைய கண்ணுக்கு அது ஓநாயாகத் தெரியாது. ஆனாலும் முடிக்கு நடுவே அந்த நடிகரின் துயரம் தோய்ந்த கண்கள் தெரிவதால் உருவம் நிற்கிறது. 2002இல் நீல் மார்ஷல் இயக்கிய 'டாக் சோல்ஜர்ஸ்' படத்தின் ஓநாய்கள் மனிதரைவிட உயரமாக, ஒடிசலாக, இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பவை. ஜான் லாண்டிஸ் தம்முடைய 1981ஆம் ஆண்டுப் படமான 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்துக்கு நான்கு காலில் ஓடும் விலங்கையே வேண்டினார். இம்மூன்றும் வெவ்வேறு முடிவுகள், ஒவ்வொன்றும் பலித்தது. பலிக்காதது, முடிவெடுக்காமல் நடுவில் நிற்பது. 1985இல் வந்த 'சில்வர் புல்லட்' படத்தின் உருவம் எனக்கு ஓநாயைவிடக் கரடியையே நினைவூட்டுகிறது. அதன் பருமனும் வட்டமான தலையும் எந்த விலங்கின் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை.

நான்கு கால் என்று முடிவெடுத்தால் ஒரு பொறியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மனிதனின் கால்கள் கைகளைவிட நீளமானவை. எனவே கையையும் காலையும் ஊன்றி நடக்கும் நடிகரின் இடுப்பு தோளைவிட மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், எவ்வளவு நல்ல தோலைப் போர்த்தினாலும் உள்ளே மனிதன் இருப்பது தெரிந்துவிடும். லாண்டிஸின் படத்தில் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர் கண்ட வழி எளிமையானது. உள்ளிருப்பவரைப் பலகை ஒன்றில் குப்புறப் படுக்கவைத்து, அவருடைய கைகளையே முன்னங்கால்களாக்கி, பின்புறத்தைத் தள்ளுவண்டி தள்ளுவதுபோல மற்றவர்கள் பிடித்துத் தள்ளினார்கள். பின்னங்கால்களைச் சட்டகத்துக்குள் கொண்டுவராமல் இருந்தால் போதும். சிறிய செலவில் படம் எடுப்பவர் இன்றும் அப்படியே செய்யலாம்.

இனி உருமாற்றக் காட்சி. ஓநாய் மனிதன் படத்துக்கு வருபவர் காத்திருப்பது இதற்காகத்தான். எனவே உங்கள் நேரத்திலும் பணத்திலும் பெரும்பங்கு இதற்கே போகட்டும். 1935இல் வந்த 'வேர்வுல்ஃப் ஆஃப் லண்டன்' படத்தில் மாறிக்கொண்டிருக்கும் மனிதன் தூண்களுக்குப் பின்னால் நடந்து செல்கிறான். ஒவ்வொரு தூணையும் கடந்து வெளிப்படும்போது முகத்தில் ஒப்பனை ஒரு படி கூடியிருக்கிறது. வெட்டு விழும் இடத்தைத் தூண் மறைத்துவிடுகிறது. கைபேசியில் படம் எடுக்கும் மாணவரும் இந்த உத்தியைக் கையாள முடியும், நன்றாகவும் வரும். 1941இல் கேமராவை அசையாமல் நிறுத்தி, சிறிது எடுத்து, ஒப்பனையைக் கூட்டி, மீண்டும் சிறிது எடுத்து, அத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கரையவிட்டார்கள். அந்தப் படத்தில் மனிதன் ஓநாயாவதைப் பெரும்பாலும் கால்களில்தான் காண்கிறோம். கரைந்து மாறும் முறையில் ஒரு குறை உண்டு: நடிகர் அசையவே கூடாது. அசையாத உடலில் வலி தெரியாது.

வலிதான் 1981இல் எல்லாவற்றையும் மாற்றியது. அவ்வாண்டு வந்த ஜோ டான்டேயின் 'தி ஹவ்லிங்' படத்தில் ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின், செயற்கைத் தோலுக்கு அடியில் காற்றுப்பைகளை வைத்து ஊதி, சதை கொதிப்பதுபோல் பொங்கவைத்தார். லாண்டிஸின் படத்தில் டேவிட் நாட்டன் நடித்த இளைஞன் தன் உடல் எரிகிறது என்று கத்தியபடி ஆடைகளைக் களைகிறான். கை நீள்கிறது, பாதம் நீள்கிறது, முதுகெலும்பு புடைக்கிறது, கடைசியில் முகவாய், அதாவது மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்யப்பட்ட இயந்திரக் கையும் இயந்திரத் தலையுமாகும். முடி முளைக்கும் ஷாட்டுக்கு, செயற்கைத் தோலில் பொருத்திய முடியை உள்ளே இழுத்துப் படமாக்கி, அந்தப் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டினார்கள். நான்கு காலில் கிடக்கும் காட்சியில் நடிகரின் உடல் தரைக்கு அடியில் இருந்தது. தலையும் கைகளும் மட்டும் மேலே வந்து போலி உடலோடு இணைந்திருந்தன. இத்தனையும் விளக்குகள் எரியும் ஓர் அறையில், மறைக்க எந்த இருளும் இல்லாமல் நடக்கிறது. ஒப்பனைக்கு ஆண்டுதோறும் வழங்கும் ஆஸ்கர் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது ரிக் பேக்கருக்கு, இந்தப் படத்துக்காகத்தான்.

இக்காட்சியிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசை. எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் மாறினால் கண் எதையும் பிடித்துக்கொள்ளாது. முதலில் ஒரு கை, அதை அவனே பார்க்கும் பார்வை, பிறகு பாதம், பிறகு முதுகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாட்டை ஒதுக்குங்கள். முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகம் மனித முகமாக இருக்கும்வரை நடிகரால் நடிக்க முடியும், வலியை நமக்குக் கடத்த முடியும். அதை முதலிலேயே முடியால் மூடிவிட்ட படங்கள் தங்கள் கையிலிருந்த மிகச் சிறந்த கருவியைத் தாங்களே விட்டெறிகின்றன. அருகில் நிற்கும் இன்னொரு பாத்திரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 'தி ஹவ்லிங்' படத்தின் ஒப்பனை எவ்வளவு அருமையாக இருந்தாலும், எதிரே நிற்கும் பெண் அத்தனை நேரம் ஓடாமல் பார்த்துக்கொண்டே நிற்பது ஏன் என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது. மாறுபவன் தனியாக இருக்கட்டும், அல்லது அருகிலிருப்பவரால் ஓட முடியாத காரணத்தைக் காட்டிவிடுங்கள்.

கணினி வரைகலையை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உருவத்தை இயக்கும் கம்பிகளைத் திரையிலிருந்து அழிக்க, காதை அசைக்க, கண்ணில் ஒளியேற்ற அதைப்போல உதவும் கருவி வேறில்லை. ஆனால் உருவம் முழுவதையும் அதனிடம் ஒப்படைத்தால் முதலில் தொலைவது எடை. 1997இல் வந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் பாரிஸ்' படத்தின் ஓநாய்கள் பாயும்போது தரை அதிர்வதில்லை, தொட்ட பொருள் நசுங்குவதில்லை. 2010ஆம் ஆண்டின் 'தி வுல்ஃப்மேன்' படத்தில் முழுமையான உருவத்துக்கான ஒப்பனையை ரிக் பேக்கர் செய்தார். அவருக்கும் டேவ் எல்சிக்கும் அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. எனினும் உருமாற்றத்தைக் கணினியிலேயே செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தொட்டுணரக்கூடிய பொருளுக்கும் வரையப்பட்ட பொருளுக்கும் உள்ள வேறுபாடு ஒரே படத்துக்குள் தெரிகிறது. கணினி உருவம்தான் கிடைக்கும் என்றால், அது மோதும் கதவும் மிதிக்கும் சேறும் மெய்யாக இருக்கட்டும்.

முடிக்கு இப்போது வரலாம். ஓநாய்க்கு இரண்டு அடுக்கு முடி உண்டு: அடியில் அடர்ந்த மென்முடி, அதன்மேல் நீண்ட முரட்டு முடி. ஒரே நிறத்தில், ஒரே நீளத்தில் வாங்கிய செயற்கைத் துணியைப் போர்த்தினால் பொம்மைதான் வரும். மூன்று நான்கு நிறங்களைக் கலந்து, முகவாயில் குட்டையாகவும் கழுத்தில் நீளமாகவும், முடி படியும் திசை பார்த்து ஒட்ட வேண்டும். பிறகு நீரும் சேறும் எண்ணெயும் தடவி அங்கங்கே திரித்துவிட வேண்டும். ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசை, லேடெக்ஸ் என்ற ரப்பர்ப் பால் இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், படப்பிடிப்புக்குச் சில நாள்களுக்கு முன்பே நடிகரின் கையில் சிறிது தடவிப் பார்த்துவிடுவது கட்டாயம். நிறமேற்றிய கண்வில்லையைக் கண் மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் பொருத்தக் கூடாது.

முகமூடியின் வாய் எப்போதும் திறந்தே இருப்பது மிகப் பரவலான குறை. உறுமும் ஓநாயின் உதடு மேலே சுருண்டு மூக்கின்மேல் மடிப்பு விழும். அமைதியானதும் அது இறங்கிவிடும். காது, சினத்தில் ஒரு நிலையிலும் அச்சத்தில் வேறொரு நிலையிலும் இருக்கும். இரண்டு தலைகள் செய்யப் பணமிருந்தால், ஒன்றை வாய் மூடிய தலையாகச் செய்யுங்கள். படத்தில் அதையே அதிகம் பயன்படுத்துவீர்கள். இரையை நெருங்கும் ஓநாய் தலையைத் தாழ்த்தி, ஓசையின்றி வரும். இடைவிடாத உறுமலை ஒலிப்பதிவில் சேர்க்கும் படங்கள் இந்த மௌனம் தரும் அச்சத்தை இழக்கின்றன. 2025இல் லீ வான்னெல் இயக்கிய 'வுல்ஃப் மேன்' ஒலியை வேறு விதத்தில் கையாண்டது: மாறிக்கொண்டிருக்கும் தந்தையின் பக்கம் கேமரா நகரும்போது, மனைவியும் மகளும் பேசுவது பொருளற்ற ஓசையாகிவிடுகிறது. ஒட்டுத்தோல் எதுவும் தேவைப்படாத அந்த உத்தி, ஒரு மனிதன் கைநழுவிப் போவதை ஒப்பனையைவிட ஆழமாக உணர்த்துகிறது.

எவ்வளவு காட்டுவது என்பது உருவத்தின் தரத்தைப் பொறுத்தது. 'டாக் சோல்ஜர்ஸ்' குழுவிடம் பெரும்பணம் இல்லை. எனவே பின்னாலிருந்து வரும் ஒளியில் உருவரையை மட்டும் காட்டினார்கள், உருமாற்றத்தைப் பெரும்பாலும் மறைத்தே வைத்தார்கள். உங்கள் ஓநாயையும் படப்பிடிப்பில் பயன்படுத்தப்போகும் அதே விளக்கில் முன்கூட்டியே படமெடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்தக் கோணத்தில் சிரிப்பு வருகிறதோ அதை அன்றே விலக்கிவிடலாம்.

கடைசியாக, அவன் சாகும் காட்சி. 1941இன் படத்தில் இறந்த ஓநாயின் முகம் மெல்ல மனித முகமாகத் திரும்புகிறது. லாண்டிஸின் படத்தில் அந்த இடைநிலைகூட இல்லை: துப்பாக்கிகள் வெடிக்கின்றன, அடுத்த ஷாட்டில் ஆடையற்ற ஓர் இளைஞன் சந்தில் இறந்து கிடக்கிறான். இக்காட்சியை எடுக்கும்போது முடியையும் பல்லையும் முழுவதும் அகற்றிவிட்டு, நடிகரின் தோலில் இரத்தத்தையும் மண்ணையும் மட்டும் விட்டுவைத்து, கேமராவை அவர் முகத்தருகே அசையாமல் நிறுத்துங்கள்.